ஓடும் பஸ்ஸில் ஒரு சின்னக் கூட்டம்

முதலாளி கணேசமூர்த்திக்கு இன்றைக்கு எந்த யோசனையும் தோன்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் கமலவேணி தினமும் காலையில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். அந்த வேண்டுதல் பலித்த நாட்கள் குறைவு.

காஜா பெராங் சாலையோரம், கோப்பிக்கடைக்கு எதிரே, பெரிய மரம் ஒன்றின் அடியில் ஜெயமங்களா பஸ் கம்பெனியின் ஸ்டாண்டு இருந்தது. செங்குக்கும் புக்கிட் பாருவுக்கும் செமாபோக்குக்கும் அங்கிருந்துதான் பஸ்கள் கிளம்பும். ஆபீஸ் என்று சொல்லப்பட்டது ஒரு பலகைக் கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். உட்கார்ந்திருப்பவர் எழுந்து வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரம் வந்ததும் வெளியே வந்து விசில் ஊதி பஸ்ஸை அனுப்புவது கமலவேணியின் வேலை. டைம்கீப்பர் என்று பெயர். அந்த ஊரில் அந்த வேலையைச் செய்த முதல் பெண்பிள்ளை அவள்தான் என்பதால், ஆரம்பத்தில் கோப்பிக்கடையில் இருந்தவர்கள் கோப்பி ஆறிப்போவதும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பழகிப்போயிற்று.

பழகாமலே இருந்தவை முதலாளியின் கூட்டங்கள்தான்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் கணேசமூர்த்தி இப்படி இல்லை. காரை நிறுத்தாமலே தலையை நீட்டி, டயரை மாற்றுடா, அவனை வீட்டுக்கு அனுப்புடா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். திட்டு இருக்கும், ஆனால் சுருக்கமாக இருக்கும். மெர்டேக்கா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சுதந்திரம் வந்த வருஷம் ஊரெல்லாம் சங்கமும் கூட்டமுமாக ஆனபோது, வசதியானவர் என்று அவரையும் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். ஒன்றில் தலைவர், ஒன்றில் பொருளாளர், இன்னொன்றில் வெறும் மாலை. மாலை விழுந்த கழுத்து அதற்கப்புறம் நிமிர்ந்தே நின்றுவிட்டது. கூட்டம் என்று ஒன்று கூடினால், தான் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்ற அதிசயத்தை அவர் அங்கேதான் கண்டுபிடித்தார். இனிமேல் உத்தரவு கிடையாது, சுதந்திர நாட்டில் எல்லாம் கலந்து பேசித்தான் என்று கம்பெனியில் அறிவித்தார். அந்தக் கலந்த பேச்சில் அவர் குரலைத் தவிர வேறு குரல் கலந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

நேரம், நாள் என்று எதுவும் கிடையாது. தோன்றினால் வருவார். ஒற்றை விரலை உயர்த்தி, "ஒரு சின்னக் கூட்டம்" என்பார். ஆபீஸ் கூண்டில் இடம் போதாது. வெயிலில் நின்று பேச அவருக்கு ஆகாது. ஆகவே, புறப்படத் தயாராக நிற்கும் பஸ்ஸில் ஏறிவிடுவார். இருக்கை உண்டு, நிழல் உண்டு, டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே உண்டு. ஏறி உட்கார்ந்திருக்கும் பயணிகளை மட்டும் கொஞ்சம் இறங்கி நிற்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதானே.

முன்சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து தொண்டையைச் செருமி, "கூடியிருக்கும் அன்பர்களே" என்று தொடங்குவார். கூடியிருக்கும் அன்பர்கள் இரண்டு பேர். ஒருவன் கண்டக்டர் ஹாஜா. எந்தத் தீர்மானத்துக்கும் ஒருவர் வழிமொழிய வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை என்பதால், அவர் வாயைத் திறந்த உடனேயே "வழிமொழிகிறேன் மொதலாளி" என்று சொல்லி வைத்துவிடுவது ஹாஜாவின் வழக்கம். இன்னும் நான் எதையும் சொல்லவே இல்லையே என்று அவர் முறைத்தால், எப்படியும் நல்லதாத்தானே சொல்லப் போறீங்க என்பான். இன்னொருவர் டிரைவர் முத்துப் பிள்ளை. அவர், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசிவரும் தமிழர்கள் வாழும் பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர். பெயரும் நெற்றித் திருநீறும் தமிழே தவிர, வாயில் வருவதெல்லாம் மலாய்தான். கூட்டம் நடக்கும் நேரம் முழுக்க இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, கண்களை மூடி, சன்னதியில் நிற்பவர்போல அசையாமல் இருப்பார். காக்கிச் சட்டையின் காலர் அழுக்கு பற்றி, பழைய டயர் பற்றி, வெற்றிலை எச்சில் பற்றி, உலக சமாதானம் பற்றி முதலாளி பேசிய எதுவும் அவர் காதுக்குள் போனதில்லை. அவர் காதுக்குள் போவது ஒரே ஒரு சத்தம். விசில்.

அதற்கு ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் பஸ் கிளம்பிய பிறகும், அதோ என் மாமா வருகிறார், இதோ என் தங்கச்சி வருகிறாள் என்று டிரைவர்கள் நிறுத்தி நிறுத்தி ஏற்றிக்கொண்டு போவார்கள். பஸ் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும். அதனால் கணேசமூர்த்தி ஒரு சட்டம் போட்டார். ஸ்டாண்டில் டைம்கீப்பர் விசில் ஊதிவிட்டால் பஸ் போக வேண்டும். தன்னுடைய அப்பாவே வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாலும் நிறுத்தக் கூடாது. அந்தச் சட்டத்தை மலாயில் திருப்பிச் சொல்லி முத்துப் பிள்ளையிடம் சத்தியம் வாங்கினார். அடுத்த வாரமே முதலாளியின் மாமியார் பட்டுச் சேலையில் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட, முத்துப் பிள்ளை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டிப் போய்விட்டார். முதலாளி அவரைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலை முத்துப் பிள்ளை மறக்கவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது கமலவேணிக்குத்தான் பொருந்தும். கூட்டத்தால் பஸ் தாமதமானால், வெயிலில் நிற்கும் சனம் பஸ்ஸுக்குள் இருக்கும் முதலாளியைத் திட்டாது. விசிலை வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறவளைத்தான் திட்டும். பசாரில் காய் விற்றுவிட்டுச் செங்குக்குத் திரும்பும் பொன்னம்மா, வாங்கிய மீன் வெயிலில் நாறுவதைக் கூடையோடு தூக்கிக் கமலவேணியின் மூக்குக்கு நேரே காட்டியிருக்கிறாள். இதை உன் முதலாளிக்கு ரசம் வெச்சுக் குடு என்று சொல்லியும் இருக்கிறாள். அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது.

போதாததற்கு ஜெயபாலன். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. எங்கேயும் வேலையில் நிலைக்காதவன். முதலாளி பஸ்ஸில் ஏறியதும் இவன் கூண்டுக்குள் நுழைந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். கூட்டத்துக்கு அவளும் வர வேண்டும், ஆனால் விசிலும் கையுமாக ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே கேட்பது அவள் பங்கு. அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஜெயபாலன் நாற்காலியின் கைகளைத் தடவிக்கொண்டிருப்பான். மாட்டை வாங்கப் போகிறவன் மாட்டைத் தடவுவதுபோல.

அவளுக்கு அந்த நாற்காலி வெறும் நாற்காலி இல்லை. தம்பின் ஊரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இனி இருக்க முடியாது என்று ஒரு நாள் துணிப்பையோடு கிளம்பி வந்தவள் அவள். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்னதில்லை. செமாபோக்கில் அண்ணன் கலியாணசுந்தரம் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டது அண்ணன், வேலை வாங்கியது அண்ணி. விடிந்தது முதல் அடுப்படி, அடுப்படி முடிந்தால் துவைக்கிற கல். உன்னைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கிறோமே என்ற சொல் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படும். டைம்கீப்பர் வேலை கிடைத்த பிறகுதான் காஜா பெராங்கில் ஒரு கடைக்குப் பின்னால் தனியறை எடுத்து, தன் கதவைத் தானே தாழ்ப்பாள் போட்டுத் தூங்க ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் அண்ணன் வந்து, வேலை போனால் நம் வீடு இருக்கிறது என்பார். ஆறுதலாகத்தான் சொல்வார். அவர் போனதும் அவள் தாழ்ப்பாளை ஒரு முறை போட்டுப் பார்ப்பாள்.

வேலையும் போகத்தான் பார்த்தது. செங் பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று யாரோ எழுதிப் போட, லைசென்ஸ் ஆபீசிலிருந்து ஆள் அனுப்பிப் பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. சாதாரணப் பயணிபோல வந்து நிற்பார்களாம். பஸ் தாமதமானால் செங் பாதையையே வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்களாம். முதலாளி கமலவேணியைக் கூப்பிட்டு, இந்த வாரம் செங் பஸ் ஒரு தடவை பிந்தினாலும் நாற்காலியை ஜெயபாலனிடம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு என்றார். இதற்கு முன் இருந்த இரண்டு டைம்கீப்பர்களும் அப்படித்தான் போனார்கள். இரண்டு பேர் போனதும் கூட்டத்தால். போகச் சொன்னதும் கூட்டத்தில்.

அவள் கேட்டுத்தான் பார்த்தாள். கடைசி பஸ் போன பிறகு, எல்லாரும் இருக்கும்போது, கூட்டம் வைத்துக்கொள்ளலாமே முதலாளி என்றாள். அவர் சிரித்தார்.

"இந்தாம்மா, கூட்டம்னா தோணுறப்ப வைக்கணும். நேரம் குறிச்சு வைக்க அது என்ன கல்யாணமா?"

பயணிகளை இறக்காமல் மரத்தடியில் பெஞ்சு போடலாமே என்றும் கேட்டாள். மரத்தில் காக்காய் இருக்கிறது என்றார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டுப் பெறுகிற சங்கதி இது இல்லை என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

புதன்கிழமை. செங்குக்குப் போகும் பதினொன்றரை மணி பஸ் நின்றுகொண்டிருந்தது. பசார் முடிந்து திரும்பும் கூட்டம். பொன்னம்மாவும் இன்னும் நாலைந்து காய்க்காரிகளும் காலிக் கூடைகளோடும் மீன் பொட்டலங்களோடும் ஏறி இடம் பிடித்திருந்தார்கள். ஒரு மலாய்க்கார அம்மாள் மடியில் பேரனை வைத்திருந்தாள். ஒரு சீனக் கிழவர் கூடைக்குள் இரண்டு கோழிகளோடு கதவுக்குப் பக்கத்தில் நின்றார். இவர்களில் யார் லைசென்ஸ் ஆபீஸ் ஆள் என்று கமலவேணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கோழிக் கிழவர் மேல்கூடச் சந்தேகம் வந்தது.

நேரம் நெருங்கிக்கொண்டிருந்தபோது முதலாளியின் கார் வந்து நின்றது. முன்பக்கம் அவர் இறங்கினார். பின்பக்கம் ஜெயபாலன். முதலாளியின் விரல் உயர்ந்தது.

ஒரு சின்னக் கூட்டம். மிக அவசரம். விஷயம் என்னவென்றால், பஸ்கள் நேரத்துக்குக் கிளம்புவது எப்படி.

பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மலாய்க்கார அம்மாள் தூங்கும் பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைசியாக இறங்கினாள். முதலாளி ஏறி முன்சீட்டில் பின்பக்கம் பார்த்து அமர்ந்தார். அன்பர்களே என்றார். ஹாஜா வழிமொழிந்தான். முத்துப் பிள்ளை கண்ணை மூடினார். ஜெயபாலன் கூண்டுக்குள் போய் நாற்காலியில் சாய்ந்தான்.

கமலவேணி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நேரம் என்பது பொன் போன்றது, போனால் வராதது என்று முதலாளி உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் கடிகாரத்தின் பெரிய முள் ஆறை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் செமாபோக் அடுப்படியின் புகை நாசியில் ஏறியது. இன்னும் கொஞ்சம் போனால் முள் ஆறைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டால், இந்த மனுஷன் இதே பஸ்ஸிலிருந்து இறங்கி, பஸ் ஏன் பிந்தியது என்று இவளையே கேட்பார். அதற்கும் ஒரு கூட்டம் போடுவார். அதையும் ஹாஜா வழிமொழிவான்.

அவள் பயணிகள் பக்கம் திரும்பினாள்.

"ஏறுங்க."

யாரும் அசையவில்லை. கூட்டம் நடக்குதே என்று ஒருத்தி இழுத்தாள்.

"பஸ் கிளம்பப் போவுது. ஏறுறவங்க ஏறுங்க" என்றாள் கமலவேணி. பிறகு அதையே மலாயில் சொன்னாள். மலாய்க்கார அம்மாள்தான் முதலில் நகர்ந்தாள். அவள் பின்னால் கோழிக் கிழவர். அதற்குப் பின்னால் பொன்னம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு ஏறினாள்.

முதலாளியின் பேச்சு நின்றது. "இந்தாம்மா, உள்ள கூட்டம் நடக்குது" என்றார்.

"நடக்கட்டுங்க. நாங்க என்ன வேணாம்னா சொன்னோம்? உக்காந்து கேக்குறோம்" என்றாள் பொன்னம்மா. அவருக்கு நேர் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, மீன் கூடையைக் காலடியில் வைத்தாள். இருக்கைகள் நிறைந்தன. ஹாஜா ஜன்னல் வழியாகக் கமலவேணியைப் பார்த்தான். அக்கா, யோசிச்சுத்தான் செய்யிறீங்களா என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் ஆறில் நின்றது.

விசிலை வாயில் வைத்து ஊதினாள். அவள் அதுவரை ஊதியதிலேயே நீளமான விசில் அது. கோப்பிக்கடையில் தலைகள் திரும்பின.

முத்துப் பிள்ளை கண்ணைத் திறந்தார். எஞ்சின் உறுமியது. முதலாளி எழுந்து நின்று தமிழில் நிறுத்து என்றார், மலாயில் பெர்ஹெந்தி என்றார், பிறகு அவசரத்தில் எந்த பாஷையும் இல்லாத ஒரு சத்தம் போட்டார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிச் சாலையில் இறங்கியது. அவர் மடங்கி இருக்கையில் விழுந்தது கமலவேணிக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

கம்பிக் கயிற்றை இழுத்து மணி அடித்தால் பஸ் நிற்கும். கயிறு ஹாஜாவின் கையில் இருக்கிறது. இப்போதே மணி கேட்கும், பஸ் நிற்கும், முதலாளி இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வருவார் என்று அவள் காத்திருந்தாள். மணி கேட்கவில்லை.

கூண்டிலிருந்து ஜெயபாலன் எட்டிப் பார்த்தான். அத்தான் எங்கே என்றான்.

"செங்குக்குப் போயிருக்காரு" என்றாள்.

"நீ தொலைஞ்சே" என்றான் அவன். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் பொங்கல் வந்துவிட்டது. எழுந்திரு, நாற்காலி என்னுடையது என்று அவள் சொல்லவில்லை. அவன் உட்கார்ந்தே இருக்கட்டும், விசில் தன் கழுத்தில்தானே இருக்கிறது என்று வெளியிலேயே நின்றாள். புக்கிட் பாரு பஸ்ஸை அனுப்பினாள். செமாபோக் பஸ்ஸை அனுப்பினாள். வெயில் ஏறியது. கால் வலித்தது. நாற்காலியில் இருப்பவன்தான் அதிகாரி என்று எண்ணிய சனம் கூண்டு வாசலில் அவனை மொய்த்துக்கொண்டது. ஒரு கிழவி தன் மூட்டையை அவன் மடியில் வைத்து, பஸ் வந்தால் கூப்பிடு தம்பி என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனாள். இன்னொருவர் வந்து, நேற்று மழையில் பஸ் ஒழுகிச் சட்டை கெட்டுப்போனதைச் சட்டையைக் கழற்றியே காட்டினார். ஜெயபாலன் கொஞ்ச நேரத்தில் மூட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு, வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று நழுவினான். மூட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கமலவேணி அதையும் அகற்றவில்லை.

பயம் இல்லாமல் இல்லை. கைவிரல்கள் விசிலைத் தொட்டபடியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து, நம் வீடு இருக்கிறது என்று சொல்வதும், அண்ணி வாசலில் நின்று துணிப்பையைப் பார்ப்பதும் கண் முன்னால் வந்து வந்து போயின. இருந்தாலும் ஒன்றை மட்டும் அவள் தீர்மானமாகத் தெரிந்து வைத்திருந்தாள். பஸ் பிந்தி வேலை போவது ஒரு விதம். பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பிவிட்டு வேலை போவது இன்னொரு விதம். போவதானால் இரண்டாவது விதத்திலேயே போகட்டும்.

செங் பஸ் திரும்பி வந்தது. நேரத்துக்கே வந்தது. முதலில் குதித்தவன் ஹாஜா. அவளருகே வந்து, வாயை அதிகம் அசைக்காமல் நடந்ததையெல்லாம் வேகவேகமாகச் சொல்லி முடித்தான்.

பஸ் கிளம்பியதும் முதலாளி அவனைப் பார்த்து மணியை அடிடா என்றாராம். ஸ்டாப் வரட்டும் மொதலாளி, நடு ரோட்டுல நிறுத்தக் கூடாதுன்னு போன கூட்டத்துல தீர்மானம் போட்டோமே, நான்தானே வழிமொழிஞ்சேன் என்று இவன் சொன்னானாம். முத்துப் பிள்ளையைக் கேட்டால், விசில் சுடா புன்யி, ஜாலான்லா என்றாராம். விசில் அடித்தாயிற்று, போக வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்த நியாயத்தைத் தெரிந்த மொழியில் சொல்லிவிட்டு, கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லையாம். ஸ்டாப் வந்தபோது முதலாளி இறங்க எழுந்தார். அப்போது பொன்னம்மாதான் அவரை உட்காரச் சொன்னாளாம்.

"பாதியில எங்க போறீங்க? கூட்டத்தை முடிச்சிட்டுப் போங்க. நேரம் பொன்னுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அதுக்கு மேல சொல்லுங்க" என்றாளாம்.

அவர் அதற்கு மேல் சொல்லவில்லையாம். மற்றவர்கள் சொன்னார்களாம். கூரை ஒழுகுவதை ஒருத்தி சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதை ஒருத்தி சொன்னாள். மீன் நாறியதைப் பொன்னம்மா ஆதியிலிருந்து சொன்னாள். மலாய்க்கார அம்மாள் மலாயில் சொன்னதற்கு முத்துப் பிள்ளை முன்னாலிருந்தே ஆமாம் போட்டாராம், கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். முதலாளி மடியில் எப்படியோ ஒரு கோழிக்கூடை வந்து சேர்ந்திருந்ததாம். செங் வரைக்கும் பேசினார்கள். திரும்பி வரும்போது ஏறியவர்கள் புதிதாக ஆரம்பித்தார்கள்.

"டிக்கெட்?" என்று கேட்டாள் கமலவேணி. அந்த நேரத்தில் ஏன் அது தோன்றியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"மொதலாளிக்கும் போகவும் வரவும் கிழிச்சுக் குடுத்துட்டேன் அக்கா. அது தப்பா?" என்றான் ஹாஜா.

கணேசமூர்த்தி இறங்கினார். வேட்டியில் கோழி இறகு ஒட்டியிருந்தது. நேராகக் கமலவேணியிடம் வந்தார். கோப்பிக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து சாலையோரம் நின்றார்கள். அடுத்த செங் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களும் நெருங்கினார்கள். ஜெயபாலன் எங்கிருந்தோ வந்து அத்தானின் பின்னால் நின்றுகொண்டான்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில், விசிலைக் கழற்றிக் கொடு என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

கமலவேணி கழற்றவில்லை. கூண்டுக்குள் போய், மேசைக்கடியில் கிடந்த துணியையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எடுத்து வந்தாள். கூண்டின் வெளிச்சுவரில் தகரப் பலகை ஒன்று இருந்தது. பஸ் கிளம்பும் நேரங்கள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சிவப்பு மையில் எழுதியிருக்கும். மெர்டேக்காவுக்கு மறுநாள் கணேசமூர்த்தி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் கையாலேயே எழுதியது. அதன் முன்னால் நின்று போட்டோ பிடித்து வீட்டுக் கூடத்தில் மாட்டியும் இருந்தார்.

துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அவரிடம் நீட்டினாள்.

"இதுல பதினொன்றரைன்னு எழுதினது நீங்க. பதினொன்றரைக்கு நான் விசில் ஊதினேன். அது தப்புன்னா இதை அழிங்க முதலாளி. அழிச்சிட்டு, தோணுறப்ப பஸ் போகும்னு எழுதுங்க. அப்புறம் விசிலைத் தர்றேன்."

துணியிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்தது. அவர் துணியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். அந்த முகங்களில் ஒன்று லைசென்ஸ் ஆபீஸ் முகமாக இருக்கலாம் என்ற நினைப்பு அவருக்கும் வந்திருக்க வேண்டும். கோப்பிக்கடை பெஞ்சிலிருந்து யாரோ, அழிங்க முதலாளி, நாங்களும் பாக்குறோம் என்றார்கள். யார் என்று அவர் திரும்பிப் பார்த்தபோது எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கை நீளவில்லை. அவள் துணியைப் பலகைக்குக் கீழே போட்டாள்.

"என்னை வெச்சுக்கிட்டே பஸ்ஸை எடுக்கச் சொன்னியே. நான் யாருன்னு நெனச்சே?" என்றார்.

"உங்க அப்பாவே ஓடி வந்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. உள்ள நீங்க இருந்தா நிறுத்தலாம்னு சொல்லலை."

ஹாஜா திரும்பிக்கொண்டு இருமினான். முதலாளியின் காது சிவந்தது. இதைப் பற்றிப் பேச வேண்டும், எல்லாரையும் வைத்துப் பேச வேண்டும், இப்போதே பேச வேண்டும் என்றார். விரல் தானாக உயர்ந்தது. பழக்கத்தில் அவர் கால் நின்றிருந்த செங் பஸ்ஸை நோக்கி நடந்தது. உள்ளே பயணிகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் இறங்க எழவில்லை. முத்துப் பிள்ளை ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, இந்த முறை கண்ணை மூடாமல் இருந்தார்.

"ஒரு சின்ன..." என்று முதலாளி படியில் ஒரு காலை வைத்தார்.

கமலவேணி கடிகாரத்தைப் பார்த்தாள். விசிலை எடுத்து உதடுகளுக்கிடையில் வைத்தாள். ஊதவில்லை. வைத்தபடி அவரையே பார்த்தாள்.

ஒரு கால் படியிலும் ஒரு கால் மண்ணிலுமாக அவர் நின்றார். உள்ளே இருந்து ஒரு பெண் குரல், வாங்க முதலாளி, எடம் இருக்கு என்றது. அவர் படியிலிருந்த காலை எடுத்து மண்ணில் வைத்தார்.

அவள் ஊதினாள். பஸ் கிளம்பிப் போனது. தூசி அவர் வேட்டியின் மேலும் ஜெயபாலனின் எண்ணெய்த் தலையின் மேலும் படிந்தது. கூண்டுக்குள் நாற்காலியில் இருந்த மூட்டைக்குச் சொந்தக்காரக் கிழவி வந்து, என்னை விட்டுட்டு பஸ் போயிருச்சா என்று புலம்பி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. ஜெயபாலன் அதைப் பார்த்தான். கமலவேணி அவனைப் பார்த்தாள். அவன் மரத்தைப் பார்த்தான்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

முதலாளி கூண்டின் வாசலில் வந்து நின்றார். இருவர் நிற்க உள்ளே இடம் இல்லை. ஒரு முறை செருமினார். அன்பர்களே என்று வந்துவிடுமோ என்று இருந்தது. வரவில்லை.

"சரி. கூட்டத்தை எப்ப வைக்கிறது?" என்றார்.

"கடைசி பஸ் போன பெறகு" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தபோது, பின்னாலிருந்தே சொன்னாள்.

"எனக்கும் உள்ள எடம் போடுங்க. ஜன்னலுக்கு வெளிய நிக்க மாட்டேன். எனக்குப் பேச வேண்டியது நெறைய இருக்கு."

மண்ணெண்ணெய்த் துணி இன்னும் பலகைக்குக் கீழே தரையில் கிடந்தது. முதலாளி போகிற போக்கில் அதைத் தாண்டிக் காலை வைத்துக் காருக்குப் போனார். புக்கிட் பாரு பஸ் திரும்பி வந்து மரத்தடியில் நின்றது. கமலவேணி எழுந்து, விசிலோடு வெளியே வந்தாள்.